தண்ணீர் மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அவள் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

முதலில் என் மானம் போன கதை. நான் சொல்லாவிட்டால் அம்மா போனில் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை, நம் கடைக்குக் கலர் மீன் அனுப்புகிற மொத்த வியாபாரியின் கொட்டகைக்குப் போயிருந்தேன். அங்கே பின்னால் பார்க்காமல் நகர்ந்ததில், ரோஸ் சாயம் கரைத்து வைத்திருந்த தட்டில் முழுசாக உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி சீட் காலி. நான் முதுகைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு அம்மா, உட்காருங்க பெரியவரே, எதுக்கு நிக்கிறீங்க என்று விடாமல் கூப்பிட்டார். டாக்டர் நிக்கத்தான் சொல்லியிருக்காரும்மா என்று சொல்லிப் பார்த்தேன். இறங்கும்போது காரணம் பஸ்ஸுக்கே தெரிந்துபோய்விட்டது. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த வயசுல குரங்கு வேஷம் எதுக்குங்க என்றாள்.

பதினெட்டு வருஷக் கடை. ஒரு நாளும் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்தவனில்லை. பாலிதீன் பையில் வரும், தொட்டியில் விடுவேன், அவ்வளவுதான். இப்போது ஏன் போனேன் என்றால், நீ போனில் பேசியதால்தான்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் திருத்து, என் படிப்பு உனக்குத் தெரியும். உங்கள் கம்பெனி மினுங்குகிற மீன் செய்கிறது. கடலில் மினுங்குகிற ஏதோ ஒரு உயிரிலிருந்து அந்த மினுக்கத்துக்கான ஜீனை எடுத்து மீன் முட்டைக்குள் வைக்கிறார்கள். பிறக்கும்போதே பச்சையும் ஆரஞ்சுமாகப் பிறக்கிறது. இதெல்லாம் மலட்டு மீன், ஆற்றில் போட்டாலும் பெருகாது என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். நீ இருநூறு ஜோடியை வைத்துப் பார்த்தாய். ஒன்பது ஜோடி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டன. அதை அப்படியே எழுதினாய். உன் மேடம், அந்த ஒன்பதை எடுத்துவிட்டு, ஒன்றுமே பொரிக்கவில்லை என்று கையெழுத்துப் போடு என்கிறார். மாசக் கடைசிக்குள் போடாவிட்டால் உனக்கு அங்கே வேலை இல்லை. இதுதானே?

இதற்கு நான் என்ன சொன்னேன்? போட்டுட்டுப் போ பாப்பா, ஊரே போடுது என்றேன். எவ்வளவு பெரிய புத்திமதி.  அதற்கு நீ, நீங்களும் சாயம் ஏத்தின மீன் வித்தீங்களேப்பா, தெரிஞ்சேதான் வித்தீங்களா என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. எனக்கென்ன தெரியும், கடைக்கு ஆள் வந்துட்டாங்க என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை பூட்டிக் கிடந்தது. நான் லுங்கியோடு நம் வீட்டுக் கட்டிலில் இருந்தேன்.

உன் மேல் ரெண்டு நாள் கோபம். பெற்ற அப்பனை இப்படிக் கேட்பதா என்று. சரி, போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றுதான் கிளம்பினேன்.

கொட்டகையில் நீள மேஜை. நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி மீன் உனக்குத் தெரியும், உள்ளே முள் வரைக்கும் தெரியுமே, அது. ஒன்றை எடுத்து ஈரத் துணியில் படுக்க வைத்து, கட்டை விரலால் அமுக்கி, முதுகோரம் ஊசியை ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் ரோஸ், திருப்பிப் போட்டு மறுபக்கமும். ஒரே மீனுக்கு நாலு குத்து, ஆறு குத்து. மல்லாந்துவிட்டதைக் காலடி வாளியில் தள்ளுகிறார்கள். வாளி பாதிக்கு மேல் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க என்றார். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் தள்ளச் சொல்லித்தான் நான் தட்டில் உட்கார்ந்தேன் என்பது வேறு விஷயம்.

எனக்கு வயிறு எரிந்தது அந்த மொத்த வியாபாரி பேச்சைக் கேட்டுத்தான். என்னைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். என்னண்ணே புதுசா பாக்குற மாதிரி பாக்குறீங்க, மூச்சு விடுற பொம்மைண்ணே அது, ஜனங்க கலர் கேக்குது, நாம குடுக்குறோம் என்கிறார். பொம்மை என்றால் எதற்கடா அந்தத் துடி துடிக்கிறது? எதற்கு நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும்? இதை அங்கேயே கேட்டிருக்கலாம். கால்சட்டையில் ரோஸ் சொட்டிக்கொண்டு நிற்கிறவன் நியாயம் பேசினால் யார் மதிப்பார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரியாது என்றேனே, அப்படியானால் அந்த மீன் தொட்டிக்கு மட்டும் நான் ஏன் நீல பல்பு போட்டேன்? வெள்ளை வெளிச்சத்தில் முதுகோரம் ஊசித் தழும்பு தெரியும். அதனால் போட்டேன். தொட்டியைக் கடைசி மூலையில் வைத்ததும் நான்தான். நாலைந்து மாதத்தில் சாயம் வெளுத்து, மீன் பழையபடி கண்ணாடியாகிவிடும். கேட்டு வருகிறவர்களிடம், உங்க தண்ணி சரியில்லைங்க என்பேன். பதினெட்டு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீர் முழுவதன் மேலும் பழி போட்டிருக்கிறேன். அந்த மீன்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பியது என்று நான் சொல்ல வந்தால் நம்பாதே. அது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

புதன்கிழமை பல்பைக் கழற்றினேன். இந்த மீனுக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றியிருக்கிறது, நிறம் போய்விடும் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். அன்றைக்கே ஒருத்தர் வந்தார். அட்டையை நிதானமாகப் படித்தார். நாலு ரோஸ், ரெண்டு பச்சை குடுங்க என்றார். படிச்சீங்களா என்றேன். படிச்சேன், கலர் போறதுக்குள்ள எங்க வீட்ல அலுத்துடும் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். விக்காததைத் தொட்டியில விட்டு வேடிக்கை காட்டுறீங்களா, கடை வெச்சிருக்கீங்களா பள்ளிக்கூடம் வெச்சிருக்கீங்களா என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு. முப்பத்தோரு மீன் இன்னும் இருக்கிறது. விற்கவும் மாட்டேன், கொல்லவும் மாட்டேன். அதுகள் சாகிற வரை நான்தான் தீனி போட வேண்டும்.

நீ சொல்லுவாய், எங்க மீனுக்கு வலிக்காதுப்பா, ஊசியே இல்ல, பிறவியிலேயே அப்படி என்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசித்தேன். நான் சொன்ன பொய் நாலைந்து மாதத்தில் வெளுத்துப்போகும். உங்கள் மேடம் சொல்லச் சொல்கிற பொய் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். எவனோ ஒருவன் தொட்டி அலுத்துப்போய் ஆற்றில் கொட்டுவான், அங்கே போய்ப் பெருகும். அதற்கு அடியில் உன் கையெழுத்தா? அந்த அம்மாளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவரே போடட்டுமே. தன் பெயரைப் போட மாட்டாராம், என் மகள் பெயர் வேண்டுமாம்.

சாயம் பட்ட கால்சட்டையை அம்மா துடைக்கும் துணியாக்கிவிட்டாள். புதுசு தைக்கக் கொடுக்கத் தையல்கார அம்மாவிடம் போனேன். மெயின் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஆறு கண்ணாடி மீன் வாங்கினார். வெளுத்ததும் ஒன்றை ஜாடியில் போட்டு எடுத்துவந்து காட்டினார். உங்க தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி என்றேன். தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, துணியில் வடிகட்டி, தினம் முழுசாக மாற்றியிருக்கிறார். தினம் அப்படி மாற்றினால் எந்த மீன் தாங்கும். ஒவ்வொன்றாக ஆறும் போயிற்று. எனக்கு இது மறந்தே போயிருந்தது. அவர் கடையில் அதே கண்ணாடித் தொட்டி, உள்ளே நூல்கண்டாக அடுக்கி வைத்திருக்கிறார்.

இடுப்பளவு எடுத்துக்கொண்டே உன்னைப் பற்றி விசாரித்தார். மீன் ஆராய்ச்சி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்ப உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணே, எங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன மருந்து போட்டா மீன் தங்கும்னு, எனக்கு இன்னும் அந்த ஆசை விடல, என் கைராசியோ என்னவோ என்றார்.  கொஞ்சம் லூசா தைங்க என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

பாப்பா, போனில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கையெழுத்துப் போடாதே. ஒன்பதை ஒன்பது என்றே எழுது. வேலை போனால் போகட்டும், நேராக வீட்டுக்கு வா. உன் கட்டிலில் அம்மா காயப்போட்டிருக்கிற துணியை நானே எடுத்துவிடுகிறேன். உன்னுடையது இந்த மாதத்து விஷயம், உண்மையை இப்போதே சொல்லிவிடலாம். என்னைப் போல வருஷக்கணக்காக விட்டுவிட்டால், பிறகு வாயைத் திறந்தாலும் வராது. நீ நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு.

அந்தத் தையல்கார அம்மா டேப்பைச் சுற்றிப் பிடித்திருந்தபோது வாய் வரைக்கும் வந்தது இதுதான்: உங்க தண்ணியில ஒரு குத்தமும் இல்லம்மா, உங்க கையிலயும் இல்ல, தெரிஞ்சேதான் குடுத்தேன்.

உன்
அப்பா