நவம்பர் முதலாம் திகதிச் சம்பந்தி

ஒக்டோபர் 19, 2024, சனி

மகன் சுஜீத் மத்தியானம் சாப்பிட வந்தான், மாக்தாவோடு. மூன்று வருடமாக அந்தப் பிள்ளைதான். மீன்குழம்புக்கு இரண்டாம் தரம் சோறு கேட்கிறவளைப் பிடிக்காமல் போகுமா? கல்யாணத் திகதியைக் கேட்டேன். தன் தாய் எங்களை வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் திகதி என்றாள்.

தாய் ஹலினா போலந்தில் இருக்கிறார். வருடத்தில் ஒருமுறை, நவம்பர் முதலாம் திகதிக்குத்தான் லண்டன் வருவாராம். அன்று போலந்துக்காரர் எல்லோரும் தங்கள் ஆட்களின் கல்லறைகளுக்கு விளக்கு வைக்கிற நாள். மாக்தாவின் தகப்பன் இங்கே கட்டட வேலை செய்தவர், இங்கேயே மாரடைப்பில் போய், இங்கேயே அடக்கம்.

பெண் பார்க்கப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்க வருவதை இப்போதுதான் காண்கிறேன்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

வீடு முழுக்கக் கழுவித் துடைத்தாயிற்று. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் அந்த மனுசி பார்க்கப் போகிறாவோ என்று இவர் பகிடி பண்ணுகிறார். பார்த்தால்?

ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாமிப் படத்துக்கு என்று டூட்டிங் கடையில் மஞ்சள் செவ்வந்தி வாங்கினேன். அதிலேயே நல்லதாகப் பார்த்து இன்னொரு கட்டு, ஹலினாவுக்கு. அவர் வந்ததும் வாசலில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அந்த முகம்! பூவை வாங்கினார், நன்றி சொன்னார், மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஒரு வடை. தேநீர் பாதி. அவ்வளவுதான்.

சுஜீத் என்னை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டான்.

"அம்மா, இந்தப் பூவை அவையள் செத்த ஆக்களுக்குத்தான் வைக்கிறவை. வீட்டுக்கு ஒருத்தரும் குடுக்கிறேல்ல."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"எனக்கும் இப்பத்தான் மாக்தா சொன்னவள்."

நான் என்னத்தைக் கண்டேன்? பிள்ளையாருக்கு வைக்கிற பூ. மங்கலமாக இருக்கும் என்றுதானே— புருஷனைப் பறிகொடுத்த மனுசியின் கையில், தீபாவளி நாளில், வாசலில் வைத்து இழவுப் பூ. இந்த வீட்டுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது எண்டு யோசிச்சிருப்பா. யோசிக்காமல் என்ன செய்வா?

நவம்பர் 1, வெள்ளி

விடிந்ததும் சுஜீத்துக்கு போன் எடுத்து, நானும் சேமக்காலைக்கு, அந்தக் கல்லறைகளுக்கு, வருகிறேன் என்றேன். வீட்டுக்குள் இருந்து மன்னிப்புக் கேட்கிறதைவிடக் கூடப் போய் நிற்பது மேல் என்று பட்டது.

இவருக்குக் கோபம் ஏறிவிட்டது. "நாளைக்குக் கந்தசஷ்டி விரதம் தொடங்குது. நீர் இண்டைக்குச் சுடலைக்குப் போறீரோ? செத்தவீட்டிலயும் எங்கட பொம்பிளையள் வாசல் படலையோட நிக்கிறவை."

"வந்து முழுகிப்போட்டுத்தான் சாமியறைக்குள்ள போவன். விடுங்கோ."

ஊரில் அப்பாவின் செத்தவீட்டில் நானும் வாசல் படலையோடு நின்றவள்தான். அதற்கு அங்காலே என்ன நடக்கும் என்று ஐம்பத்தாறு வயதுவரை கண்டதில்லை.

போய்ப் பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கிறது! தள்ளுவண்டியில் குழந்தைகள், பிளாஸ்கில் தேநீர், சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்குகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் செவ்வந்தி, சட்டி சட்டியாக. ஹலினாவின் கையில் என்னுடைய கட்டு. எறியவில்லை.

பூ வைக்குமுன் கல்லைக் கழுவ வேண்டுமாம். வலிக்கிற முழங்காலோடு அவர் குனியப் போக, "தாங்கோ" என்று பிரஷ்ஷைப் பறித்தேன். தமிழ்தான். விளங்கிவிட்டது. நான் தேய்த்தேன், அவர் விரலால் காட்டினார், இங்கே, அங்கே. அவர் காணாத ஒரு மூலை அழுக்கை நான் காட்டியதும் புருவத்தை உயர்த்தினார்.

பூவை வைத்துவிட்டு என்னவோ சொன்னார். மாக்தா இங்கிலீஷில் சொன்னாள்: நேற்றுத் திகைத்துத்தான் போனாராம். பிறகு, தன் புருஷனுக்கு என்று நான்தான் விசாரித்து வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தாராம். இத்தனை வருடத்தில் வேறு யாரும் அந்த மனுஷனுக்குப் பூ வாங்கவில்லையாம்.

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். மனம் வரவில்லை. இல்லை, உங்களுக்குத்தான் வாங்கினேன், எங்களுக்கு இது கலியாணப் பூ என்று சொல்லச் சொன்னேன். மாக்தா சொல்லக் கேட்டு ஹலினா என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு சிரிப்பு— பக்கத்துக் கல்லறைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

தூரத்தில் அடக்கமானவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் விளக்கு வைக்கிறார்கள். ஹலினா ஒன்றை என் கையில் தந்தார். அப்பாவுக்கு வைத்தேன். அழுதேன், நன்றாக. அவர் கைக்குட்டை தந்தார்.

திகதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 2, சனி

விரதம். இரண்டு தரம் முழுகினேன், ஒன்று இவருக்காக.

நவம்பர் 10, ஞாயிறு

ஹலினா ஊருக்குப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று மாக்தாவைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறாராம்.

நவம்பர் 1, 2025, சனி

ஹலினாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன், இந்த வருடம் வர ஏலாது. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே போய் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். கல்லறைக்கு என்னைப் போகச் சொல்லி நேற்று அவரே போன் எடுத்தார். ஆவணியில் பிள்ளைகளின் கல்யாண வீட்டில் பொறுக்கிய தமிழில், "குமுதினி, நீங்கோ போங்கோ."

சஷ்டி திங்கட்கிழமையே முடிந்துவிட்டது, இவருக்குச் சொல்லச் சாக்கு இல்லை. புறுபுறுத்துக்கொண்டு வாளியில் தண்ணீர் சுமந்தார்.

கழுவி, விளக்கு ஏற்றி, வீடியோவில் காட்டினேன். ஹலினா கட்டிலில் இருந்தபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று சீலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். போலிஷில் கடகடவென்று என்னவோ சொன்னார். மாக்தா சுஜீத்தைப் பார்த்தாள். சுஜீத் தலையைச் சொறிந்தான்.

"என்னெண்டு சொல்லன்ரா."

"இடப்பக்கம் பாசி கிடக்காம், அம்மா. போன முறை வடிவாத் தேச்சவ, இந்த முறை ஏன் இந்த அவசரம் எண்டு கேக்கிறா."

எரிச்சல் வந்தது. அதைவிடச் சந்தோஷம் வந்தது. இவரை இன்னொரு வாளி தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, திரும்பவும் முழங்காலில் இருந்தேன்.