வெளிக்காற்றுக்கு ஒரு வேன்

ஆங் மோ கியோ
3 மார்ச் 2024

அன்புள்ள ஜெரார்டுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நம் மகன் கீத்தும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம். பொங்கோலில் வீடு வாங்கியதை அவனே சொல்லியிருப்பான். நாம் பிரிந்து நீங்கள் மெல்போர்னுக்குப் போன பிறகு அவன் வழியாகத்தானே நாம் பேசிக்கொள்கிறோம். இன்று நேராகவே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் நடத்தும் 'வெளிக்காற்று' பற்றி உங்களுக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை லிஃப்ட் வைத்த வேனில் ஏற்றி, அவர்கள் ஆசைப்படும் இடத்துக்கு அரைநாள் கூட்டிப்போகிறோம். அந்த வேனைச் சாலையில் ஓட்டுவதற்கான சிஓஇ அனுமதி செப்டம்பரில் முடிகிறது. பெரும் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் வண்டி ஸ்கிராப்புக்குப் போகும். வண்டி போனால் வெளிக்காற்றும் போய்விடும். இதுவரை உதவிய அறக்கட்டளை இனி இயலாது என்று சொல்லிவிட்டது.

நீங்கள் அங்கே மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதையே தொழிலாகச் செய்கிறீர்கள். எனக்கோ பணம் என்று வாயெடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் எழுதிய வேண்டுகோளை இணைத்திருக்கிறேன். திருத்திக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ரூபி அருளானந்தம்


மெல்போர்ன்
10 மார்ச் 2024

அன்பு ரூபி,

மூன்று வருடம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கடிதம், அதிலும் ஓர் இணைப்பு! பரவாயில்லை, மகிழ்ச்சிதான்.

வேண்டுகோளைத் திருத்தவில்லை. அதைத் தூக்கிப் போடு. 'சமூக ஒருங்கிணைப்பு', 'நீடித்த பராமரிப்பு' எல்லாம் இருக்கிறது, ஒரு மனிதர்கூட இல்லை. நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதை உனக்கும் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் முதலில் போகாதே. ஏற்கெனவே கொடுத்தவர்களைக் கூப்பிட்டு நன்றி மட்டும் சொல், அந்த முறை எதுவும் கேட்காதே. உன் நிர்வாகக் குழுவினர் தாங்கள் முதலில் கொடுக்கட்டும். தாங்களே கொடுக்காததற்கு மற்றவர் ஏன் கொடுக்க வேண்டும்? சிறிய அமைப்புகளுக்கு அங்கே இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, போய் உட்கார். இணையத்தில் நன்கொடைப் பக்கம் திற. வரிக்கழிவு உண்டென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்.

கேட்கும்போது என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேள். கேட்டபின் பேசாமல் இரு. நம் ஆட்கள் கேட்டுவிட்டு, 'முடியலன்னா பரவால்ல' என்று தாங்களே கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். கடைசியாக யாரை வெளியே கூட்டிப்போனாய்? அதை எனக்கு எழுது.

ஜெரார்ட்


ஆங் மோ கியோ
24 மார்ச் 2024

அன்புள்ள ஜெரார்டுக்கு,

பூவம்மாவைக் கூட்டிப்போனோம். இங்கே பக்கத்து புளோக்கில் பத்தாவது மாடி. பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து மருத்துவமனை தவிர வேறெங்கும் போனதில்லை. கடல் பார்க்க வேண்டும் என்றார். நானும் வேன் ஓட்டும் ஹனீபாவும் பொங்கோல் கடற்கரையில் இறக்கி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சளி பிடித்து நெஞ்சில் இறங்கினால் அவர் மகளுக்கு யார் பதில் சொல்வது? ஹனீபா ஓடிவந்து குடையை விரித்தார். பூவம்மா தலையை ஆட்டினார். "வேணாம் லா. குடைய எடுங்க."

"அம்மா, ஜுரம் வந்துரும்" என்றார் ஹனீபா.

"வரட்டும். எடுங்கப்பா."

ஹனீபா என்னைப் பார்த்தார். நான் ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. குடை விலகியது. பூவம்மா முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். அழவில்லை, சிரிக்கவில்லை. நிழற்கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கிப் போனார்கள். யாரும் போனைத் தூக்கவில்லை. கோயிலில் பூசையின் நடுவே குருவானவர் திவ்ய நற்கருணையை உயர்த்தும்போது ஓர் அமைதி வருமே, அப்படி.

இரண்டு நாள் பயந்து பயந்து போன் செய்தேன். ஒரு தும்மல்கூட இல்லையாம்.

ரூபி அருளானந்தம்


மெல்போர்ன்
25 மார்ச் 2024

ரூபி,

அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

இதுதான் உன் வேண்டுகோள். ஓர் எழுத்தையும் மாற்றாதே. பூவம்மாவிடம் மட்டும் அனுமதி கேள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடு.

ஜெரார்ட்


ஆங் மோ கியோ
2 ஜூன் 2024

அன்புள்ள ஜெரார்டுக்கு,

பூவம்மா அனுமதி தரவில்லை. "எதுக்கு நீ சொல்ற? நானே வந்து சொல்றேன்" என்றுவிட்டார்!

நேற்று, முன்பு நன்கொடை கொடுத்தவர்களை அழைத்து, சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் கூடினோம். குழுவினர் தங்கள் பங்கை முன்பே கொடுத்துவிட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான். பூவம்மா நாற்காலியில் இருந்தபடியே பேசினார். நாக்கு குழறும், அதனால் எல்லோரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். "எனக்கு மருந்து தர ஆள் இருக்கு. சோறு ஊட்ட ஆள் இருக்கு. மழையில நனைய விடத்தான் யாரும் இல்ல. இவங்க விட்டாங்க." அவ்வளவுதான் பேச்சு.

பிறகு நான் எழுந்து வேனுக்கு வேண்டியதைச் சொன்னேன். சொல்லிவிட்டு நீங்கள் சொன்னபடி நின்றேன். ஜெரார்ட், அந்த மௌனம்! 'பரவால்ல' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது எழுந்தார். கொடுப்பதில் பெரிய கை. செக் புத்தகத்தை எடுப்பார் என்று பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், காசு தர்றேன். அது அப்புறம். எங்க அத்தா ரொம்ப வருஷமா படுக்கையில இருக்காங்க. நல்ல நர்ஸ், ஏசி ரூம், எல்லாம் குடுத்திருக்கேன். எங்க போகணும்னு ஒரு தடவகூட நான் கேட்டதில்ல. அவங்களயும் கூட்டிட்டுப் போவீங்களா?"

அப்பாவுக்காகக் கேட்டுவிட்டும் அவர் உட்காரவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார், தன் தங்கைக்காக. அப்புறம் ஒருவர் மனைவிக்காக. கேட்க வந்தது நான், ஆனால் மண்டபமே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊரில் இத்தனை வீடுகளில் இத்தனை பேர் சன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்களா? பேனாவை எடுத்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன்.

வேன் தப்பித்தது. அடுத்த வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது காத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது. தூக்க, தள்ள ஆள் போதவில்லை.

ரூபி


மெல்போர்ன்
9 ஜூன் 2024

அன்பு ரூபி,

உன் கடிதத்தை நிறைய தடவை படித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எவ்வளவோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. நான் திரட்டிய பணத்தால் குணமான ஒரு நோயாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது. இது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆகஸ்டில் ஒரு மாதம் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஆலோசனை சொல்ல வரவில்லை. தூக்குவது எப்படி என்று ஹனீபா சொல்லிக் கொடுப்பாரா? கீத் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். உனக்குச் சங்கடமாக இருந்தால் சொல், டிக்கெட்டை மாற்றிவிடுகிறேன்.

ஜெரார்ட்


ஆங் மோ கியோ
11 ஜூன் 2024

அன்புள்ள ஜெரார்ட்,

டிக்கெட்டை மாற்ற வேண்டாம்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஹமீதின் அத்தாவுடைய முறை. அவருக்குக் கடல் வேண்டாமாம், பூங்கா வேண்டாமாம். தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, தானே ஒரு மீன் வாங்க வேண்டுமாம். அத்தா ஆசைப்படுவது இதுதான் என்று தெரிந்து ஹமீது கடையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். தரை வழுக்கும், நாற்காலியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஹனீபாவோடு உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன்.

மீனில் அவர்கள் எடுத்துக்கொண்டது போக மீதி நமக்கு என்று ஹமீது இப்போதே சொல்லிவிட்டார். அன்றைக்குக் கீத்தையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். குழம்பு நீங்கள்தான் வைக்க வேண்டும். உங்கள் கைக்குழம்பு சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

உங்கள்,
ரூபி