சம்பந்தியின் மேசை மேல் இருந்த உலக உருண்டை

அன்பு மகளுக்கு, உன் அத்தா சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுவது. உன் மீதும் மாப்பிள்ளை மீதும் பேரன் மீதும் அல்லாஹ்வின் அமைதி உண்டாகட்டும். இங்கே முழங்கால் தவிர மற்றபடி நான் நலம், உன் அம்மா வாய் உட்பட எல்லாம் நலம். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதினாளா இல்லையா என்று எனக்குப் படித்துப் பார்க்கத் தெரியாது என்ற தைரியம். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, நீ போன் செய்வது முதலில் உன் மாமனார் வீட்டுக்கு, அப்புறம்தான் நமக்கு. எப்படித் தெரியும் என்றால், பேரனுக்கு முன்பல் விழுந்த செய்தியை நீ சொல்வதற்கு முன்பே பால் வாங்குகிற இடத்தில் அவர் எனக்குச் சொல்லிவிட்டார். எந்தப் பக்கத்துப் பல் என்று கூடச் சொன்னார். நானும் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதரசாக்களுக்கு அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது உனக்குத் தெரியும். எல்லா மதரசாவும் அரசாங்க வாரியத்தில் பதிய வேண்டும், ஓதுவதோடு கணக்கும் அறிவியலும் சொல்லித்தர வேண்டும், அதற்குப் படித்துத் தேறிய ஆசிரியர் வேண்டும், தீ பிடித்தால் பிள்ளைகள் ஓடுவதற்குப் பின்பக்கம் இன்னொரு வாசல் வேண்டும். பார்வையிட வருகிற அதிகாரி சரி என்று எழுதினால்தான் அங்கீகாரம், இல்லையென்றால் பூட்டு. நம் தெரு மதரசாவுக்கு நான் தலைவர், அடுத்த தெரு மதரசாவுக்கு உன் மாமனார் தலைவர். இரண்டு தெருவும் சேர்ந்து கூட்டம் போட்டபோது நான்தான் முதலில் எழுந்தேன். எல்லா மதத்துக்கும் பொதுவாக இருப்பேன் என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, நாம் ஓதுகிற இடத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். நல்ல கைதட்டல். அது அடங்குவதற்குள் உன் மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பொதுன்னா நம்ம பிள்ளைங்களையும் சேத்துத்தானே சம்பந்தி பொது? ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வேணும், நம்ம பிள்ளைங்களுக்கு வேணாமா?” என்றார். எனக்கு விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல். இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த வார்த்தை என் வாயிலேயே வந்திருக்கும். இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான். உன் கல்யாணத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள் என்று போட்டோக்காரர் சொன்னபோது அரை அடி முன்னால் போய் நின்றார், இன்றைக்கும் அந்தப் படத்தில் எனக்குப் பாதித் தோள்தான்.

அவர் உடனே பதிந்தார், அங்கீகாரம் வாங்கினார், வாசலில் விளக்கு எரிகிற பலகை மாட்டினார். கணக்கு டீச்சரையும் பிடித்துவிட்டார். நம் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அந்தத் தெருவுக்கு நழுவ ஆரம்பித்தன. அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் மேசை மேல் ஓர் உலக உருண்டையைப் பார்த்தேன். நீ அனுப்பியது என்றார். அதைச் சுற்றிவிட்டு, ஒரு விரலால் நிறுத்தி, இங்கேதான் நம்ம பிள்ளைங்க இருக்காங்க என்று காட்டினார். நம்ம பிள்ளைங்களாம். நீ உட்கார்ந்து ஓதியது நம் மதரசாவின் ஜன்னலோரத்தில். உன் முதல் ஓதும் புத்தகத்தை நீ எந்தத் துணியில் சுற்றிக்கொண்டு போனாய் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது, என் கடையில் மெத்தை உறைக்கு வெட்டி மிஞ்சிய நீலக்கோடு போட்ட துணி. உருண்டை மட்டும் அடுத்த தெருவுக்குப் போயிற்று.

அந்த எரிச்சலில்தான் நானும் பதிந்தேன். இங்கேதான் நம் கமிட்டி செய்த புத்திசாலித்தனத்தைக் கேள். நம் செயலாளரை உனக்குத் தெரியும், வாய்க்கு வாய் சட்டப்படி சட்டப்படி என்பதால் சட்டம் என்றே எல்லோரும் கூப்பிடுகிற எலக்ட்ரிக் கடைக்காரர். வருவது மதம் சாராத அரசாங்கத்தின் அதிகாரி, குர்ஆனையும் அதை வைத்து ஓதுகிற பலகைகளையும் பார்த்தால் இது மத இடம் என்று எழுதி நிராகரித்துவிடுவார், சட்டப்படி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் வேண்டாம் என்றுதான் சொன்னார், யார் கேட்டோம். வேதத்தைக் கண்ட இடத்தில் வைக்க முடியுமா, புது மெத்தை உறைகளில் சுற்றி உன் மாமனார் மதரசாவிலேயே கொண்டுபோய் வைத்தோம். ஏன் என்று கேட்டார். வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சுவரெல்லாம் வாய்ப்பாடு ஒட்டினோம்.

அதிகாரியாக வந்தது ஒரு அம்மா. சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, இது மதரசாதானே, ஓதுகிற புத்தகம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டார். சட்டம் தரையைப் பார்த்தார், நான் சட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து, “எல்லாத்தையும் அடுத்த தெருவுல ஒளிச்சு வச்சிருக்காங்க” என்றது. அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. எதை ஒளித்தீர்கள், ஏன் ஒளித்தீர்கள் என்று அவர் கேட்ட குரலில் எனக்குக் கண்ணுக்கு முன்னால் பூட்டு தெரிந்தது. பயந்து ஒளித்தோம் என்று சொன்னால் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பார், சொல்லாவிட்டால் எதையோ மறைப்பதாக எழுதுவார். ஹஜ்ரத் யாரையோ அடுத்த தெருவுக்கு ஓடவிட்டார் போல. சிறிது நேரத்தில் தெருவே பார்க்க, ஒரு தள்ளுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உன் மாமனார் தாமே தள்ளி வந்தார், வண்டிக்கு மேலே அந்த உலக உருண்டை வேறு. மூச்சு வாங்கியபடி, வெள்ளையடிக்கிறதா சொல்லி எங்கிட்ட குடுத்து வச்சாங்கம்மா என்றார். அந்த அம்மா நம் சுவரைப் பார்த்தார். அது வெள்ளையைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று உனக்கே தெரியும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, ஓதுறதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. பிள்ளைங்களுக்குக் கணக்கு வராமப் போனாத்தான் நான் கேப்பேன். இதையும் வைங்க, அதையும் வைங்க.” பின்வாசல் வைத்து, தேறிய ஆசிரியரையும் சேர்த்துவிட்டால் அங்கீகாரம், அதுவரை பூட்டு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

நான் சொன்ன பொய்யை உன் மாமனார் அன்றைக்கே நம்பினாரா, இல்லை எல்லாம் தெரிந்தே என் மானத்தைக் காப்பாற்றினாரா என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார், அது இன்னும் மோசம். பின்சுவரை இடித்து வாசல் வைத்தாயிற்று. ஆசிரியருக்குத்தான் எங்கெங்கோ அலைந்தேன், கிடைக்கவில்லை. உன் மாமனார்தான் தம் டீச்சரையே பிற்பகலில் நமக்கு அனுப்புகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உன் அம்மா உள்ளிருந்து சரி என்று சொல்லிவிட்டாள். இப்போது டீச்சர் வருகிறது, பிள்ளைகளும் திரும்பி வருகின்றன, நீ உட்கார்ந்த ஜன்னலோரத்தில் பெருக்கல் கணக்கு நடக்கிறது. அடுத்த தெருவில் நடப்பதைவிட இங்கே நன்றாக நடக்கிறது என்றுதான் என் காதுக்குப் படுகிறது. டீச்சர் ஒருவர்தானே என்கிறாள் உன் அம்மா. சுவர் வேறு அல்லவா.

உலக உருண்டை அன்றிலிருந்து நம் மதரசாவில்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதில் நீ இருக்கிற இடத்தில் உன் அம்மா மெத்தை தைக்கிற சிவப்பு நூலில் ஒரு துண்டை ஒட்டி வைத்திருக்கிறாள், இங்கே ஒரு துண்டு. இரண்டுக்கும் நடுவில் என் ஒரு சாண்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா வராமல் இருக்கிறாய்?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்வும் தருவானாக. குளிரில் பேரனுக்குக் காதை மூடிக் கட்டு. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டாதே, காட்டினால் நேராக அவர் அப்பாவுக்குப் போய்விடும். தள்ளுவண்டி தள்ளியதிலிருந்து உன் மாமனாருக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, நான் தைத்த மெத்தை ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதையும் நீ அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டாம். அவர் இன்னோர் உருண்டை அனுப்பச் சொல்லிக் கேட்டால் கடையில் தீர்ந்துவிட்டது என்று சொல். பேரனுக்கு அடுத்த பல் ஆடினால் முதலில் இங்கே போன் செய்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் அத்தா
(கைநாட்டு)