இரண்டு முறை வந்த ஒன்றரை மணி

16 செப்டம்பர் 2025, செவ்வாய்

இன்றைக்கும் விடிகாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது; கலிபோர்னியா அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே ராத்திரி வேலை எனக்கு. கணினியை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். ஷபீர் பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டு வரும்போது பால் விடாத கட்டன் சாயா தயாராக இருக்க வேண்டும். ஆறே காலுக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, காய் வாங்கி விற்க வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். நான் படுத்துவிடுவேன். நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் எங்கள் குடித்தனம்.

மார்ச் மாதம் அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினான். அதனால் கலிபோர்னியாவில் அலுவலகம் சாத்துகிற நேரம் இங்கே ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறது. அதனால் முதலமடையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். பாவம், அவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. நவம்பர் இரண்டாம் தேதி பழையபடி பின்னே தள்ளிவிடுவான். அப்புறம் ஆறரைக்குத்தான் எனக்கு விடுதலை. வண்டி அதற்குள் பாதி வழி போயிருக்கும்.

ராத்திரியில் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும், வாஸ்தவம். ஆனால் அவர் ஒன்பதுக்கே குறட்டை.

19 செப்டம்பர், வெள்ளி

மறுபடி ஷார்ஜா பேச்சை எடுத்தார். டீ ஆறுகிறது என்றேன்.

27 செப்டம்பர், சனி

எழுதித்தான் வைப்போமே. அவருடைய அண்ணன் அஷ்ரஃப் ஷார்ஜாவில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். இரண்டு வருஷ விசா. இங்கே தொடர்ந்து இரண்டு சீசனாக மாம்பூவைப் பூச்சி தின்றுவிட்டது. மாமனார் காலத்து மாங்காய் மண்டி பூட்டிக் கிடக்கிறது.

“காயி வித்து என்னத்தக் காணறது அன்சி? பொண்டாட்டி சம்பளத்துல ஊடு நடக்குதுன்னு ஊருக்குள்ள பேசறானுக. ரெண்டு வருசந்தான, போய்ட்டு வந்தர்றேன்.”

சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன்? பயமா, வீம்பா? ‘போகலை’ என்பது அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் எதற்குக் காத்திருக்கிறாரோ.

8 அக்டோபர், புதன்

எங்கள் டீமுக்குத் தலைவி பின்சி, கொச்சியில் இருக்கிறாள். இன்றைக்குப் புது வேலை கொடுத்தாள். நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தில் மணியடிக்கிற செயலி நாங்கள் செய்வது. நவம்பர் இரண்டாம் தேதி அங்கே நடு ராத்திரிக்கு மேல் ஒன்றரை மணி இரண்டு முறை வரும். ஒரு முறை ஒன்றரை ஆகும். இரண்டு அடிக்கப் போகும்போது கடிகாரம் மறுபடி ஒன்றுக்குப் போய்விடும், திரும்பவும் ஒன்றரை வரும். ஒன்றரைக்கு மாத்திரை என்று போட்டிருந்தால்? இரண்டு முறை அடித்தால் இரண்டு மாத்திரை விழுங்கிவிடுவார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஆறு மணிக்கு மாத்திரை என்பது வேறு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்பது வேறு. முதலாவது கடிகாரத்தில் ஓர் இடம். இரண்டாவது ஓர் அளவு. கடிகாரத்தை எவன் எப்படித் தள்ளினாலும் அது குறையாது, கூடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் வம்புதான்.

நானே விழுந்தவள்தானே.

15 அக்டோபர், புதன்

தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு மண்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடித்த வருஷம். மஜீத் மாமா அப்போது எனக்கு மாமா இல்லை, மண்டிக்கார ராவுத்தர். லாரிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடு என்று கூப்பிட்டார். வைக்கோல் வாசனையும் பழுத்த மாம்பழ வாசனையுமாக இருந்த அந்த அறையில், மரப்பெட்டிமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எழுதினேன். லாரி புறப்படுவது சாயங்காலம் ஆறு. ஐதராபாத்தில் இறங்குவது மறுநாள் பகல் இரண்டு. நான் மணியை மட்டும் கேட்டு வாங்கினேனே தவிர, தேதியைக் கேட்கவில்லை. ஓட்டிக் காட்டினால் திரையில் பயண நேரம் மைனஸ் நான்கு மணி!

மாமா சுமை தூக்குகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “இந்தப் புள்ள கெட்டிக்காரிங்கோ! லாரி பொறப்படறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே ஐதராபாத்துல எறங்கீருச்சு!”

தராசுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது ஷபீர்தான். எனக்கு வந்ததே கோபம். மறுநாள் ஒரு பெட்டி மாம்பழத்தை மேஜையில் வைத்து, “சிரிச்சதுக்கு அவராதங்க” என்றார். அப்போது நான் ‘ங்க’. கல்யாணத்துக்கப்புறம் நான் அன்சி ஆகிவிட்டேன், ‘ங்க’ என் பக்கம் வந்துவிட்டது. அந்த முதல் இரண்டு வருஷம் எனக்கும் பகல் வேலை, அவருக்கும் பகல் வேலை. மண்டியைச் சாத்தியதும் பைக்கில் கொல்லங்கோடு போய்ப் புரோட்டா தின்றுவிட்டு, சினிமா பார்க்காமல் சினிமாக் கொட்டகை வாசலில் நின்று பேசிவிட்டு வருவோம். எவ்வளவு பேசினோம்! என்ன பேசினோம் என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஆசையாக இருக்கிறது, மறுபடி அப்படி ஒன்றுமில்லாததைப் பேச.

மாமா போய் மூன்று வருஷம். இருந்தால் ஒரே அதட்டலில் ஷார்ஜாவை நிறுத்தியிருப்பார்.

25 அக்டோபர், சனி

அண்ணன் கெடு வைத்துவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். கடிகாரம் பின்னே போகிற அதே ஞாயிறு!

1 நவம்பர், சனி

கடைசி ஐந்தரை. இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினோம். ஆறே காலுக்கு எழுந்துபோனார். நான் ஷார்ஜா பேச்சை எடுக்காமல் டம்ளரைக் கழுவப் போனேன். சீ, என்ன பொம்பள நான்.

2 நவம்பர், ஞாயிறு

மாத்திரை மணி ஒரே முறைதான் அடிக்கிறதா என்று நேராகப் பார்த்து உறுதி செய்யச் சொல்லியிருந்தாள் பின்சி. சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் கணினியோடு உட்கார்ந்தேன். இங்கே நல்ல வெயில், அங்கே ஊரே தூங்குகிறது. பகல் இரண்டுக்குத் திரையில் அங்கத்து ராத்திரி ஒன்றரை. சோதனைக்கு வைத்திருந்த நோயாளிக்கு மணி அடித்தது. சரி.

அந்த நேரம் பார்த்து ஷபீர் கைபேசியோடு வந்து நின்றார். “அண்ணன் லைன்ல இருக்கறாரு. விசாவுக்குக் குடுத்தரட்டுமான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?”

“உங்க இஷ்டம்ங்க.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நான்.

கைபேசியைக் காதில் வைத்து, “நானே கூப்படறேண்ணா” என்று வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். காலையில்தான் கழுவியிருந்தார்.

கடிகாரம் ஒன்று ஐம்பத்தொன்பதுவரை போய், மறுபடி ஒன்றுக்கு வந்து நின்றது. எத்தனையோ முறை சோதித்த விஷயம்தான். ஆனாலும் கண்ணெதிரில் பார்த்தபோது திரைக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டேன். மெள்ள மெள்ள மறுபடி ஒன்றரை. மணி அடிக்கவில்லை. சரியாக வேலை செய்கிறது என்று பின்சிக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டாவது ஒன்றரைக்கு வாயைத் திறக்காதே என்று மாத்திரை மணிக்கு எழுதினேன், சரி. எனக்கு எவ எழுதினா? எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டேன்.

“போகாதீங்க. எனக்குப் புடிக்கல. ரெண்டு வருசம்னு போன உங்கண்ணன் பதினாறு வருசமா அங்கயேதான் இருக்கறாரு. காசு வேண்டாம். எனக்குப் பேசறதுக்கு ஆள் வேணுங்க.” அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் கையில் இன்னும் குழாய், தண்ணீர் அது பாட்டுக்கு வாசலில் ஓடுகிறது. “இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன புள்ள?” என்றார். குழாயை அடைத்தார். கைபேசியை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார்.

4 நவம்பர், செவ்வாய்

முதல் ஆறரை. காதில் ஹெட்போன் இருந்ததால் வண்டி போன சத்தம்கூடக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். சமையலறையில் அவர். டீ போட்டு வைத்திருந்தார், சர்க்கரை கொட்டி ஒரே பாகு.

“மார்க்கெட்டுக்குப் போகலீங்களா?”

“ஏழே காலுக்குப் போனாப் போச்சு. மார்க்கெட்டு எங்க ஓடிப்போகுது?”

14 நவம்பர், வெள்ளி

அஷ்ரஃப் அண்ணன் கடைக்கு அண்ணனுடைய மச்சினன் போகிறானாம்.

இவர் கொண்டுவருகிற கத்தரிக்காயில் பாதி சொத்தை. முதல் ஏலத்தில் நல்ல காயெல்லாம் போய்விடுகிறது, ஒரு மணி நேரம் கழித்துப் போகிறவருக்கு மிச்சம்தான். இவரிடம் காய் வாங்குகிறவர்கள் மூக்கால் அழுகிறார்கள். சாயங்காலம் நான் சொத்தையை அரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கும் இதேதான் கெடைக்கும்” என்றார். அப்புறம், காலை டீக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று கடைக்குக் கிளம்பிப் போனார்.