கன்னத்திலிருந்து கண்ணுக்கு

மார்ச் 4
என் வண்டியை இன்று வேறொருவன் டிப்போவிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். இரண்டாவது கியரிலேயே உறுமவிடுகிறான். வயிறு எரிந்தது. எனக்கு இப்போது மைக் வேலை, எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று கத்துவது. இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிந்தால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பிளம்பர். ஊரெல்லாம் அடைப்பு எடுக்கிற மனுஷர், எங்கள் வீட்டு சிங்க்கை மட்டும் ஒரு வாரமாக "நாளைக்கு, நாளைக்கு" என்றார். எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே. அடைப்பு எடுக்கும் பொடியைக் கொட்டி நானே வெந்நீரை ஊற்றினேன். சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. அன்றிலிருந்து இவர் என் முன்னால் தலை நிமிர்வதில்லை. குனிந்த தலையை எப்படித் திட்டுவது?

மார்ச் 9
கண் டாக்டரம்மா விளக்கினார். கருவிழியின் ஓரத்தில் இருக்கும் செல்கள்தான் அதன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்குமாம். வலது கண்ணில் அவை செத்துவிட்டன. இடது கண்ணிலும் லேசாகப் பட்டிருப்பதால் அதில் கை வைக்க வேண்டாமாம்.

"அதனால உங்க கன்னத்தோட உள்பக்கத்துலேருந்து கொஞ்சம் எடுத்து, வளர்த்து, கண்ணு மேல வைக்கப்போறோம்."

இவர் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், அவ வாய்லேருந்து எடுத்தா அது கண்ணுல உக்காந்துக்கிட்டும் பேசுமே."

இந்த மனுஷர் கிண்டல் பண்ணி எத்தனை மாதம் ஆயிற்று! வெளியே வந்ததும் திட்டு திட்டென்று திட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 15
வாய் புண்ணாகக் கூடாது என்று காரத்துக்குத் தடை. நாக்கு செத்துப்போச்சு.

மார்ச் 17
கன்னத்தில் எடுத்தாகிவிட்டது. ஒரு பருப்பு அளவுதான். வளர்க்கப்போகிறவள் ஆய்வகத்துப் பெண். ஒல்லி, பெரிய கண்ணாடி, குரல் வெளியே வராது. என் ரத்தத்தையும் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து பிரிக்கிற தெளிந்த நீர்தான் செல்களுக்குத் தீனியாம்.

"என் ரத்தத்தைக் குடிச்சு வளருதா? அப்ப எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு" என்றேன். குரல் வராதவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 26
போச்சு. எல்லாம் போச்சு. செல் வளர்க்கிற தட்டுல கிருமி வந்துடுச்சாம், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டாளாம். இனிமே என்ன — காலம் பூரா மைக்ல கத்திக்கிட்டு உக்கார வேண்டியதுதானா?

மார்ச் 27
நான் அழுததைப் பார்த்துவிட்டு இவர் தானாகவே ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். கன்னத்தில் எடுப்பதற்கு முதல் நாள், நான் பாவம் என்று ஒரு பிடி காரக் கடலை கொண்டுவந்து கொடுத்தாரே, அதைச் சொல்லி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார்! அவள் சொன்னாளாம்: "சார், கடலை மேல பழி போடாதீங்க. வாய்னாலே கிருமி இருக்கும். சில சமயம் கழுவியும் போகாது. இன்னொரு கன்னம் இருக்குல்ல?"

வந்து இதை அப்படியே ஒப்பித்தார். முகத்தில் அசடு வழிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 6
மறு கன்னம். கடலை இல்லை.

ஏப்ரல் 22
நாளை ஆபரேஷன். ஆய்வகத்துப் பெண் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அந்தத் தட்டின் அடியில் ஏதோ பூச்சு இருக்கிறது. உடம்புச் சூட்டில் செல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் குளிரவைத்தால் பூச்சு பிடியை விட்டுவிடும். கத்தி வேண்டாம், சுரண்ட வேண்டாம். பால் ஆடை மாதிரி ஓரத்திலிருந்து தானாகக் கழன்று முழுசாக வந்தது.

"இது எந்த நோயாளியோடது?" என்றேன்.

"உங்களோடதுதான்க்கா, இது ஒத்திகைத் தட்டு. நாளைக்குக் கண்ணுல வைக்க வேண்டியது பக்கத்துத் தட்டுல இருக்கு."

என் கன்னம், தண்ணீரில் மிதக்கிறது. பேச்சே வரவில்லை எனக்கு. இவர் அதையும் விடவில்லை: "ஒரு நிமிஷம் சும்மா இருக்கா பாரும்மா, அதை வீடியோ எடு."

ஏப்ரல் 24
வைத்தாகிவிட்டது. மேலே காப்புக்கு ஒரு மெல்லிய லென்ஸ். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. இவர் அலாரம் வைத்திருக்கிறார். அது அடிக்கும் முன்பே எழுந்துவிடுகிறார்.

மே 19
வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். இவர் மூக்கு தெரிந்தது. மூக்கு மட்டும்தான். ஆனாலும் தெரிந்ததே!

ஜூலை 2
எழுத்துப் பலகையில் நான்காவது வரி. டாக்டரம்மா அவசரப்படாதீர்கள் என்கிறார். யாரிடம் சொல்கிறார்!

செப்டம்பர் 30
கடைசி வரிக்கு முந்தினது வரை தடுமாறாமல் படித்தேன். இரண்டு கண்ணும் தெளிவு, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆய்வகத்துப் பெண்ணைக் கட்டிப்பிடித்ததில் அவள் கண்ணாடி கோணிக்கொண்டது.

அக்டோபர் 14
முதல் டிரிப். விடியற்காலை, கூட்டமில்லை. மழை பெய்து ஓய்ந்த ரோடு, கோடுகள் பளிச்சென்று இருந்தன. வேலைக்குப் போக இவரும் இதிலேயே ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் பேசிக்கொண்டே ஓட்டுவேனாம், கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

சிக்னலில் நின்றபோது மேலே உள்ள கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி சீட்டு வரை தெரிந்தது. மடியில் கருவிப் பை, பையின் ஜிப் பாதி திறந்திருந்தது கூடத் தெரிந்தது. மனுஷர் வாயைப் பிளந்துகொண்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர். நான் எழுப்பவில்லை. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மெதுவாக விட்டு, கடைசி நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போனேன்.