உன் நினைவு நாளுக்கு வெடி வாங்கியிருக்கிறார்கள்

என் கொக்கு டாக்டரம்மாவுக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. போன இடத்திலும் நாலு பேரைக் கூட்டி வைத்துப் பறவை காட்டிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே நான்தான் சரியில்லை, அக்கா. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நாளைக்கு உன் முதல் வருஷ நினைவு நாள்.

விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு நேற்றுக் காலையிலேயே கிளம்பினேன். திண்டிவனத்தில் பஸ் மாறி கிளியனூரில் இறங்கினால், பெரிய பேனரில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் பின்னால் ஒரு மயில். காலமெல்லாம் நத்தைகுத்தி நாரைகளை ஆராய்ச்சி செய்தவளுக்கு மயிலைப் போட்டிருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடியில் இருந்த வரியைப் படித்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. 'மாலையில் ஏரிக்கரையில் மாபெரும் வாணவேடிக்கை' என்று போட்டிருந்தார்கள்.

ஏரிக்கரையில், அக்கா! இப்போது தை மாதம். ஏரி நடுவே கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு குஞ்சு. வெடிச்சத்தம் கேட்டால் பெரிய பறவைகள் ஒரேயடியாக எழும்பிவிடும், பயந்த குஞ்சுகள் தடுமாறித் தண்ணீரில் விழும், மிச்சத்தைக் காக்கை கொத்திக்கொண்டு போகும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நீதானே? நீ சொன்ன பிறகுதானே தீபாவளி வெடியைக்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வெடிக்க ஆரம்பித்தார்கள்?

அதை ஊர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்றால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். மறக்கவில்லை என்பதுதான் சங்கடமே. உன்னைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த ஏரிக்கரை வழியாகத்தான். நம் பக்கம் வெடியும் மேளமும் இல்லாமல் எந்தச் சாவு போயிருக்கிறது? உனக்கு மட்டும் ஊரே வாயை மூடிக்கொண்டு நடந்தது. அழுகையைக்கூட அடக்கிக்கொண்டார்கள். அப்போது மரத்தில் இருந்து ஒரு பறவைகூட எழும்பவில்லை.

நேற்று நேராக ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பையனைப் பாம்பு கடித்தபோது ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாயே, அவர்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்கிறார். வீட்டு வாசலிலேயே வெடிப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"அண்ணா, வெடி வேணாம். குஞ்சுங்க இருக்குதுங்க" என்றேன்.

"தெரியும் பாப்பா. எங்களுக்குத் தெரியாதா? டாக்டரம்மாவ சத்தமில்லாம எடுத்துக்கினு போனோம். பக்கத்து ஊர்க்காரன் இன்னா கேட்டான் தெரியுமா? இன்னாய்யா, ஒரு வெடி கூட இல்ல, யாரும் இல்லாத பொணமான்னு கேட்டான். ஒரு வருசமா அது நெஞ்சுல குத்திக்கினே இருக்குது."

"அக்காவுக்கே இது புடிக்காது, அண்ணா."

"உனக்கு அக்கா. எங்களுக்கு அவங்க யாருமில்லியா?"

அவர் கேட்டது நியாயம்தான். ராத்திரி பகல் பாராமல் ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். பாதி நாள் சேற்றோடு ஏரியிலிருந்து ஏறி வந்து, காலைக்கூடக் கழுவாமல் யார் வீட்டு வேலைக்கோ ஓடியிருக்கிறாய். உன்மேல் எனக்கு இருக்கிற உரிமை அவருக்கும் இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், அவள் அரிசி களைந்துகொண்டே, "எனக்கும் ஆசதான்டி. எம்பொண்ணு ஒரு சத்தமும் இல்லாம போயிட்டா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அந்தப் பறவைகளை விட்டுக்கொடுக்கவும் மாட்டாய், இவர்களை நோகடிக்கவும் மாட்டாய். இரண்டையும் எப்படிச் செய்வாய் என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இன்று காலையில் மறுபடியும் போனேன். "வெடி வேணாம்னு சொல்லல அண்ணா. தள்ளி வைங்க. கல்யாணத்துக்கு நாள் பாக்குறோம் இல்ல? இதுக்கும் பாப்போம். கடைசிக் குஞ்சு பறந்து போவட்டும். அன்னிக்கு கொளுத்துங்க. நானும் வந்து நிக்கிறேன்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் ஏரிப்பக்கம் கையைக் காட்டினார். "அது எந்த நாளுன்னு யாரு சொல்றது? சொல்றவங்கதான் போயிட்டாங்களே."

"நான் சொல்றேன்."

என் வாயா அது? காகத்தையும் குயிலையும் தவிர எதையும் சரியாகச் சொல்லத் தெரியாதவள் நான். அண்ணன் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, நம் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "ஜல்தியா சொல்லு பாப்பா. நமுத்துப் போச்சின்னா பேஜாராயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கூடத்தில் விளக்கேற்றவே அம்மா பயப்படுகிறாள்.

மத்தியானம் உன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். எனக்கு எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக ஒரே மாதிரி தெரிகிறது. எது தாய், எது வளர்ந்த குஞ்சு? தாமதமாகப் பொரித்த ஒரே ஒரு கூடு மறைவில் இருந்து, அது தெரியாமல் நான் நாளைச் சொல்லிவிட்டால்? போதாக்குறைக்கு, யாராவது ஒரு சரத்தைத் தனியாக ஒளித்து வைத்திருந்து நாளைக்கே பற்றவைத்துவிட்டால்? சைக்கிள் டயர் வெடித்தால்கூட நான் குதிப்பேன் போலிருக்கிறது.

ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன், உனக்கும் கொடுக்கிறேன். ஞாயிறுதோறும் விழுப்புரத்திலிருந்து வந்து கரையில் நிற்பேன். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வேன். எல்லாக் கூடும் காலியாகிற வரைக்கும் பெட்டியைப் பிரிக்க விடமாட்டேன். காலியான அன்றைக்கு ஊரே கரைக்கு வரும், வானம் அதிரும். நீ அன்றைக்கு மட்டும் யாரையும் திட்டாதே, அக்கா. உனக்காக இவர்கள் ஒரு வருஷமாய் நெஞ்சில் அடக்கி வைத்திருக்கிற அழுகை அது.

நாளை மாலையை நினைத்து இப்போதே பயந்துகொண்டிருக்கும்
உன் கூடப்பிறந்தவள்,
செல்வி