அப்பா சொன்னதைத்தானே சொன்னனான்

ஸ்காபரோ,
புதன்கிழமை

அன்புள்ள துர்க்காவின்ரை அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். போன மாதம் லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பின இடத்திலை, அல்பேட்டாக் குளிருக்கு அந்தத் தடிச்ச சொக்ஸைப் போடுங்கோ. போனிலை கதைச்சால் சண்டையிலைதான் முடியும், அதாலை எழுதிறன்.

இண்டைக்கு வேலைக்கு லீவு போட்டிட்டுப் பள்ளிக்கூடம் போனனான். கெட்டிக்காரப் பிள்ளையளைத் தெரிஞ்செடுக்கிற சோதினைக்குத் துர்க்காவின்ரை பேரையும் குடுங்கோ எண்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை கேட்டன். இந்த வருசப் பேரெல்லாம் குடுத்தாச்சாம். ஏன் இவளை விட்டனீங்கள் எண்டு கேக்க, ரீச்சர் சிரிச்சுக்கொண்டு சொன்னா, போன மாதம் தகப்பனே வந்து பிள்ளை சாதாரணம், வீட்டிலை ஒண்டும் படிக்கிறதில்லை எண்டு சொன்னவராம்.

எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. மூண்டாம் வகுப்பிலை இருந்துகொண்டு, மேல்வீட்டு ஏழாம் வகுப்புப் பெடியனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிற பிள்ளை. வகுப்பிலை அலுப்படிச்சு யன்னலைப் பாக்கிறாள். அதைக் கவனக்குறைவு எண்டு எழுதி வைச்சிருக்கினம்.

உங்கடை பழக்கம் எனக்குத் தெரியும். பெத்த பிள்ளையை நாங்களே புகழக்கூடாது, கண்ணூறு பட்டிடும். ஆர் கேட்டாலும் உவள் என்னத்தைப் படிக்கிறாள் எண்டுதான் சொல்லுவியள். எங்கடை ஆக்களெண்டால், சும்மா இருங்கோ அண்ணை, அவள் கெட்டிக்காரியல்லோ எண்டு சொல்லுவினம். அந்த வெள்ளைக்கார ரீச்சருக்கு உதெல்லாம் எங்கை விளங்கப்போகுது? மில்லிக்கனிலை இருக்கிற நிரோஷினி தங்கடை ரீச்சரிட்டைத் தன்ரை மகனைப் பற்றி அரை மணித்தியாலம் புழுகினவா. அவன் சோதினைக்குப் போறான்.

எங்களுக்கு அடுத்த வருசம் பாப்பமாம். அந்தச் சோதினையை வெளியிலை காசு கட்டிச் செய்விக்க எங்களாலை ஏலுமே?

அதைக்கூடப் பொறுப்பன். அண்டைக்கு உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தரலாம் எண்டு ரீச்சர் சொல்ல, வேண்டாம், மகள் இருக்கிறாள் எண்டனீங்களாம். வீட்டை வந்து, நீயாவது மாத்திச் சொல்லியிருக்கலாமே பிள்ளை எண்டு கேட்டன். அப்பா சொன்னதைத்தானே சொன்னனான் எண்டாள். சரி, அடுத்த வருசம் எழுதுவம் எண்டன். தேவையில்லையாம். தான் கெட்டிக்காரி இல்லையெண்டு அப்பாவுக்குத் தெரியும்தானே எண்டாள். அழேல்லை. சோத்தைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னாள்.

எனக்குக் கோவம் ஆறாது, ஆறவும் வேண்டாம். இது கிடைச்ச பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கேக்கை, சாப்பிட்டியோ எண்டு கேட்டிட்டு வைச்சிடாதேங்கோ. நீ கெட்டிக்காரி எண்டு உங்கடை வாயாலை ஒருக்கா அவளுக்குச் சொல்லுங்கோ. கண்ணூறு பட்டால் பட்டிட்டுப் போகட்டும். செத்தல் மிளகாய் சுத்திப்போட நான் இருக்கிறன்.

கவனமா இருங்கோ.

நிலாணி